தோஷியை ரிஷியாக்குதல்

பாலகிருஷ்ண தோஷிக்கு 2018இல் பிரிட்ஸ்கர் விருது கிடைத்தது. கட்டடக்கலைக்கான அவ்விருதைப் பெற்ற முதல் இந்தியர் அவர். 2022இல் பிரித்தானிய அரசக் கட்டடக் கலைஞர் கழகத்தின் தங்கப் பதக்கம் வந்தது. 2023 ஜனவரி 24 அன்று தமது 95ஆம் வயதில் அகமதாபாதில் காலமானார். இம்மூன்று தருணங்களிலும் தமிழில் எழுதப்பட்ட குறிப்புகளையும் அஞ்சலிகளையும் இயன்ற அளவு தேடிப் படித்தவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. அவற்றில் பெரும்பாலானவை கட்டடங்களைப் பற்றியவையே அல்ல.

ஒரு தரப்பினர் அவரை ரிஷியாக்கிவிட்டனர். மேலைநாட்டு நவீனத்தின் மாயையிலிருந்து விடுபட்டு இந்திய ஆன்மாவைக் கண்டடைந்தவர், கல்லில் தியானம் செய்தவர், மண்ணோடு பேசியவர் என்றெல்லாம் அடைமொழிகள். உடன் இரண்டு புகைப்படங்கள்: சங்காத் அலுவலகத்தின் வெள்ளை வளைகூரைகள், அகமதாபாத் குகையின் ஆமையோட்டுக் கூரைகள். இன்னொரு தரப்பினர், பெரும்பாலும் என் இடதுசாரி நண்பர்கள், அவரை ஒரே மூச்சில் தள்ளுபடி செய்துவிட்டனர். ஆலை முதலாளிகளின் ஊரில் ஆலை முதலாளிகளின் தயவில் வளர்ந்தவர். ஏழைகளுக்கென்று இந்தூரில் வகுத்த ஆரண்யாவும் கடைசியில் நடுத்தர வர்க்கத்தின் கைக்குப் போய்விட்டது. ஆகவே பேசுவதற்கு ஒன்றுமில்லை.

பக்திக்கும் ஏளனத்துக்கும் ஒரு பொதுத்தன்மை உண்டு. இரண்டுக்குமே கட்டடத்துக்குள் நுழைந்து பார்க்கும் தேவை கிடையாது.

தமிழ் வாத்தியாருக்குக் கட்டடக்கலையில் என்ன வேலை என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் நெடுநல்வாடையை இன்னொருமுறை எடுத்துப் பார்க்கலாம். நண்பகலில் நாட்டிய கோல்களின் நிழல் பார்த்துத் திசை குறித்து, கயிறிட்டு அளந்து அரண்மனை வகுக்கும் காட்சி அதில் வருகிறது. அங்கே கட்டடம் வகுப்பவர்களை நக்கீரர் புலவர் என்றே குறிப்பிடுகிறார். முதுகலை வகுப்பில் இந்தப் பகுதியை நாங்கள் உரையோடு நடத்துகிறோம், ஐந்து மதிப்பெண் வினாவாக்குகிறோம், கடந்துபோகிறோம். திரைப்படத்துக்கும் ஓவியத்துக்கும் இசைக்கும் சிறப்பிதழ் கொண்டுவந்த நம் சிற்றிதழ் மரபு, நாளெல்லாம் நாம் உள்ளே உட்கார்ந்திருக்கும் கட்டடத்தைப் பற்றி ஒரு விமரிசன மொழியை இன்னும் உருவாக்கிக்கொள்ளவில்லை. அந்த வெற்றிடத்தில்தான் ரிஷிகள் வந்து உட்கார்ந்துகொள்கிறார்கள்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தோஷியும் அவருடைய வாஸ்து சில்பா நிறுவனமும் செய்தவற்றில் ஆகச் சிறந்தவை, அவர்கள் முடிக்காமல் விட்டவை. வேண்டுமென்றே, கணக்குப் பார்த்து, பிறர் முடித்துக்கொள்ளட்டும் என்று விட்டவை. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் பக்தர்களின் படங்களும் உதவாது, ஏளனக்காரர்களின் குற்றப்பத்திரிகையும் நிற்காது.

*

முதலில் ரிஷி விவகாரம். தோஷி 1927இல் புனேயில், மரச்சாமான் தொழில் செய்த குடும்பத்தில் பிறந்தவர். பம்பாய் ஜே. ஜே. கலைப்பள்ளியில் படித்து, லண்டன் போய், அங்கிருந்து பாரிசுக்குச் சென்று 1951 முதல் 1954 வரை லெ கொர்பூசியேவிடம் வேலை பார்த்தவர். ஊர் திரும்பியதும் ஆன்மாவைத் தேடுவதற்காக அன்று. அகமதாபாதில் கொர்பூசியே வரைந்த கட்டடங்கள் எழும்புவதை மேற்பார்வையிட. 1956இல் இரண்டு கட்டடக் கலைஞர்களை வேலைக்கு வைத்துக்கொண்டு தம் நிறுவனத்தைத் தொடங்கினார். (நிறுவனத்தின் பெயரில் வாஸ்து என்று இருப்பதைப் பார்த்து, சமையலறையை எந்த மூலையில் வைப்பது என்று சொல்லும் தொலைக்காட்சி ஜோதிடரை நினைத்துக்கொள்ள வேண்டியதில்லை. அச்சொல் மனையையும் வாழிடத்தையும் குறித்த காலம் ஒன்று இருந்தது.) 1962இல் லூயி கான் அகமதாபாத் மேலாண்மைக் கழகத்தை வடிவமைக்க வந்ததற்கும், அவருடன் நின்று அது எழுவதற்கும் தோஷி முக்கியக் காரணம்.

மேலைநாட்டு மாயையிலிருந்து அவர் எப்போது விடுபட்டார் என்று பக்தர்களைக் கேட்டால், சங்காத்தைக் காட்டுவார்கள். 1980இல் அவர் தம் அலுவலகத்துக்காகக் கட்டியது. பாதி நிலத்துக்குள் புதைந்த நீண்ட அறைகள், மேலே வளைகூரைகள், கூரைமீது வெயிலைத் திருப்பியனுப்ப உடைந்த பீங்கான் ஓடுகள், மழைநீர் வழிந்தோடும் வாய்க்கால்கள், ஏறி உட்காரப் புல் படிகள். அழகானது, சந்தேகமில்லை. உடனே பௌத்தக் குடைவரைகளையும் கோயில்களையும் கிராமத்துக் குடிசைகளையும் துணைக்கு அழைத்துவிடுகிறோம். ஆனால் அந்த வளைகூரைக்கு நேர் மூத்த சகோதரி ஒன்று அதே ஊரில் இருக்கிறது: ஐம்பதுகளில் கொர்பூசியே கட்டிய சாராபாய் வீடு. அங்கே அவர் பயன்படுத்தியது கட்டலோனியக் கொத்தர்களின் வளைகூரை முறை. கட்டலோனியாவிலிருந்து பாரிஸ் வழியாக அகமதாபாதுக்கு வந்த ஒரு கூரை, உள்ளூர் வெயிலிலும் உள்ளூர்ப் பீங்கான் சில்லுகளிலும் வேறொன்றாக மாறியிருக்கிறது. இதில் இந்திய ஆன்மா எந்த இடத்தில் உள்ளே நுழைந்தது? கேள்வியே தவறு. நல்ல கட்டடக் கலைஞன் கடன் வாங்குவான், வெயிலைப் பார்ப்பான், கூலியையும் பொருளையும் கணக்கிடுவான். அதற்கு ஆன்மிகப் பெயர் சூட்டுவது அவனுடைய உழைப்பை மறைப்பதாகும்.

மேலும், ரிஷிகளின் பட்டியலில் சேர்க்க முடியாத கட்டடங்களும் அவரிடம் உண்டு. 1967இல் எழுந்த தாகூர் நினைவு மண்டபம், மடித்த காகிதம்போல் நிற்கும் பூச்சில்லாத கான்கிரீட் சுவர்களால் ஆனது. பொறியாளர் மகேந்திர ராஜின் கணக்கில்லாமல் அது நின்றிராது. பழைய நகரின் நடுவே, பத்ரா கோட்டைக்கு அருகில், 1976இல் முடிந்த பிரேமாபாய் மண்டபம் இன்னும் முரட்டுத்தனமானது. எனக்கு அது பிடிக்கவில்லை. சுற்றியிருக்கும் கடைத்தெருவின் அளவையும் நெரிசலையும் அது பொருட்படுத்தாமல் தலைக்குமேல் நீட்டிக்கொண்டு நிற்கிறது. ஒருவரை விமரிசிக்க வேண்டுமானால் இங்கே தொடங்கலாம். பக்தர்கள் இதைப் பற்றிப் பேசுவதில்லை. ஏளனக்காரர்களுக்கு இப்படியொன்று இருப்பதே தெரியவில்லை.

இன்னொன்று: நாம் எழுதிய எல்லாக் குறிப்புகளிலும் ஒரே ஒரு மனிதர்தான் இருக்கிறார். விருது அறிவிக்கப்பட்ட காலத்தில் அந்நிறுவனத்தில் ஐந்து பங்காளிகளும் அறுபது ஊழியர்களும் இருந்தனர். நூற்றுக்கும் மேற்பட்ட பணிகளை அது முடித்திருந்தது. அகமதாபாத் குகை எம். எஃப். உசேனின் ஓவியங்களுக்காக, அவரும் சேர்ந்து கனவு கண்டு, 1994இல் முடிந்தது. அந்தக் கூரைகளின் வடிவத்தைத் தீர்மானிக்கக் கணினி பயன்பட்டது. கம்பி வலையில் சிமென்ட் பூசிக் கையால் உருவாக்கியவர்கள் பழங்குடித் தொழிலாளர்கள். விளையாட்டாகச் செய்த நல்ல வேலை என்று அதைச் சொல்வேன், அதற்கு மேல் இல்லை. ஆனால் கட்டுரைக்குப் படம் வேண்டும் என்றால் நம்மவர்களின் கை தானாக அந்தக் குகைக்குத்தான் போகிறது. ஏனென்றால் அது முடிந்த பொருள், சிற்பம்போல் தனியாக நிற்கிறது, ஒரே சட்டகத்துக்குள் அடங்கிவிடுகிறது.

*

பெங்களூரு பன்னேர்கட்டா சாலையில் உள்ள இந்திய மேலாண்மைக் கழகம் ஒரே சட்டகத்துக்குள் அடங்காது. அதற்குச் சொல்லிக்கொள்ளும்படியான முகப்பே கிடையாது. 1977இல் தொடங்கி 1992 வரை பல கட்டங்களாகக் கட்டப்பட்டது. தோஷி அப்போது ஜோசப் ஸ்டைன், பல்லா ஆகியோருடன் கூட்டு நிறுவனம் நடத்திவந்தார். அதன் பெயரில்தான் அந்தப் பணி நடந்தது. ஃபத்தேபூர் சிக்ரியை அதன் முன்மாதிரியாக எல்லோரும் சொல்வார்கள். மாடமோ தூணோ அங்கிருந்து எதுவும் எடுத்துவரப்படவில்லை என்பதைத்தான் கவனிக்க வேண்டும். எடுத்துக்கொண்டது, முற்றத்திலிருந்து முற்றத்துக்கு நடந்துபோகும் அனுபவத்தை மட்டும்.

ஒரு கருத்தரங்கை முன்னிட்டு அந்த வளாகத்தில் இரண்டு நாள் இருந்திருக்கிறேன். கொத்திய கருங்கல் சுவர்களுக்கிடையே நடைவழிகள் போகின்றன. சில இடங்களில் முழுக்கூரை, சில இடங்களில் வானத்துக்குக் குறுக்கே கான்கிரீட் சட்டங்கள் மட்டும், அவற்றின்மேல் கொடிகள். காலை பத்து மணிக்குத் தரையில் விழுந்த நிழற்கோடுகள் பகல் இரண்டு மணிக்கு வேறு பக்கம் சாய்ந்திருந்தன. நடைவழி ஓரிடத்தில் அகலமாகிறது. ஏன் அகலமாகிறது என்று எந்தப் பலகையும் சொல்வதில்லை. அங்கே நான்கு மாணவர்கள் தரையில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். சற்றுத் தள்ளி ஒருவன் தூங்கிக்கொண்டிருந்தான். பேராசிரியரும் மாணவரும் வகுப்பு முடிந்தபின் பேசியபடி நடக்கும் அந்த இருபது நிமிடத்துக்குக் கட்டடக் கலைஞர் கல்லும் கான்கிரீட்டும் ஒதுக்கியிருக்கிறார். வகுப்பறை கற்பிக்கும் இடம் என்றால், கற்கும் இடம் நடைவழி என்பது அந்தக் கட்டடத்தின் கருத்து. அதை ஏற்காதவர்கள்கூட அங்கே ஒரு கருத்து இருப்பதை மறுக்க முடியாது.

(தமிழர்களில் பலர் அந்த வளாகத்தை ஏற்கெனவே பார்த்திருக்கிறார்கள், தெரியாமல். 2009இல் வந்த ‘த்ரீ இடியட்ஸ்’ இந்திப் படத்தின் பொறியியல் கல்லூரி அதுதான். 2012இல் தமிழில் ‘நண்பன்’ எடுத்தபோது டேராடூனின் வெள்ளையர் காலத்து வன ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் போனோம். கல்லூரி என்றதும் நமக்கு வளைவும் தூணும் வேண்டியிருக்கிறது போலும்.)

1962இல் தொடங்கிய அகமதாபாத் கட்டடக்கலைப் பள்ளியிலும் இதே எண்ணத்தின் இளமைக்கால வடிவம் இருக்கிறது. செங்கல்லும் பூச்சில்லாத கான்கிரீட்டுமாய் எளிமையாக எழுந்த கட்டடம். கதவுகளற்ற பள்ளி என்று தோஷி அதைப் பற்றிப் பலமுறை சொல்லியிருக்கிறார். கீழே திறந்துகிடக்கும் பகுதியில் யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம். வகுப்பு நடக்கலாம், கூட்டம் நடக்கலாம், ஒன்றும் நடக்காமலும் இருக்கலாம். நான் பணிபுரிந்த ஒரு கல்லூரியில் சில ஆண்டுகளுக்கு முன் புதிய தொகுதி ஒன்று கட்டினார்கள். முன்புறம் நீலக் கண்ணாடி, அதற்கு முன்னால் நான்கு கிரேக்கத் தூண்கள். உள்ளே இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டிய நடைவழி. மாணவர்கள் மதியச் சாப்பாட்டை மாடிப்படியில் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். துறைத்தலைவர் வந்தால் எல்லோரும் டப்பாவோடு எழுந்து நிற்க வேண்டும். அந்தக் கட்டடமும் ஒரு கருத்தைச் சொல்கிறது. வகுப்பு முடிந்தால் வீட்டுக்குப் போ என்கிறது.

*

இப்போது வீடுகள். ஏளனக்காரர்களுடன் சண்டை இங்கேதான்.

1973இல் அகமதாபாதில் ஆயுள் காப்பீட்டுக் கழகத்துக்காக ஒரு குடியிருப்பை வாஸ்து சில்பா கட்டியது. மூன்று வருவாய்ப் பிரிவினர் ஒரே கட்டடத்தில். வழக்கமான அடுக்குமாடி ஒழுங்கைத் தலைகீழாக்கினார்கள். பெரிய வீடு தரைத்தளத்தில், அதைவிடச் சிறியது அதன்மேல், எல்லாவற்றிலும் சிறியது உச்சியில். மேலே போகப் போக வீடு சுருங்குவதால் மாடியில் திறந்தவெளி மிஞ்சுகிறது. சிறிய வீட்டுக்காரருக்கு அந்த வெளி சொந்தம். கையில் காசு வரும்போது ஓர் அறை போட்டுக்கொள்ளலாம். தரைத்தளத்தவர் முன்பக்கம் நீட்டிக்கொள்ளலாம். மக்கள் செய்தார்கள். அறைகள் முளைத்தன, படிக்கட்டுகள் மூடப்பட்டன, மாடிகளில் தகரமும் கம்பிக் கதவும் ஏறின. இன்று அங்கே போகிறவர் ஆரம்பகாலப் புகைப்படத்தை வைத்துக்கொண்டு தேடினால் ஏமாந்துபோவார். மூல வடிவம் சிதைந்துவிட்டது என்று வருந்துகிறவர்கள், பிள்ளை வளர்ந்துவிட்டதற்கு வருந்துகிறவர்கள். தாத்தா வாங்கிய வீட்டில் பேரன் இடம் மாறாமல் வாழ முடிகிறதா என்பதல்லவா அந்த வடிவமைப்பின் கேள்வி?

இந்தூரின் ஆரண்யா இதைவிடத் துணிச்சலானது. இந்தூர் வளர்ச்சிக் குழுமத்துக்காக எண்பதுகளில் வகுத்து, 1989இல் முதற்கட்டம் முடிந்தது. 80,000 பேருக்கு மேல் வாழக்கூடிய, 6,500க்கும் மேற்பட்ட மனைகள் கொண்ட ஊர். ஊரின் நடுவே கடைகளும் பொதுக் கட்டடங்களும் கொண்ட முதுகெலும்பு, அதைச் சுற்றி ஆறு பகுதிகள். ஓரங்களில் பெரிய சாலையை ஒட்டிய மனைகளை வசதியுள்ளவர்களுக்குச் சந்தை விலையில் விற்று, அந்தப் பணத்தைக் கொண்டு உள்ளே ஏழைகளின் மனைவிலையைக் குறைத்தார்கள். மிகச் சிறிய மனை சுமார் 35 சதுர மீட்டர். அதில் வீடு கட்டித் தரவில்லை. பேஸ்மட்டம் போட்டு, ஒரு கழிப்பறை, குளியலறை, குழாய், மின்சாரம், சிலருக்கு ஓர் அறை. இருபது வீடுகளுக்கு ஒரு கழிவுநீர்த் தொட்டி. மிச்சத்தைக் குடியிருப்பவரே தம் வருமானத்துக்கேற்ப, தம் வேகத்தில் கட்டிக்கொள்ள வேண்டும்.

இந்த யோசனை வானத்திலிருந்து குதிக்கவில்லை, தியானத்தில் உதிக்கவுமில்லை. 1978இல் தோஷி தொடங்கிய வாஸ்து சில்பா அறக்கட்டளையும் கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தின் குறைந்தசெலவு வீட்டுவசதிக் குழுவும் சேர்ந்து இந்தூரின் குடிசைப் பகுதிகளில் ஓர் ஆய்வு செய்தன. அது 1984இல் நூலாக வந்தது. குடிசைகளின் எண்ணிக்கையைக் கணக்கெடுத்துவிட்டுத் திரும்பும் அரசாங்க ஆய்வு அல்ல அது. வாசலில் எத்தனை அடி மேடை இருக்கிறது, அதில் என்ன நடக்கிறது, தையல் இயந்திரம் எங்கே நிற்கிறது, மரத்தடியில் யார் உட்காருகிறார்கள், தெரு எங்கே அகலமாகிறது, சைக்கிளும் ஆடும் எங்கே கட்டப்படுகின்றன என்று அளந்து வரைந்த ஆய்வு. குடிசைக்காரனுக்குத் தெருவும் வீட்டின் ஓர் அறை என்று அது கண்டது. குஜராத்திலும் மால்வாவிலும் வாசல் மேடையை ஓட்லா என்பார்கள். நம் திண்ணைதான். ஆரண்யாவின் மாதிரி வீடுகளில் தெருவைப் பார்த்து ஓட்லாவும் வெளிப்படிக்கட்டும் சிறு மாடமும் வந்தது இதனால்தான். திண்ணை போய்விட்டதே என்று கவிதை எழுதுவதில் நமக்கிணை யாருமில்லை. வருமானமற்ற ஒரு குடும்பத்துக்கான 35 சதுர மீட்டர் மனையில் திண்ணைக்கு எத்தனை அடி ஒதுக்கலாம் என்று கணக்குப் போட்டவர்கள் இவர்கள்.

ஏளனக்காரர்களின் வாதத்துக்கு வருகிறேன். வாதம் இரண்டு பகுதி கொண்டது. முதலாவது, பத்திரிகைகளில் நாம் பார்க்கும் ஆரண்யாவின் அழகிய படங்கள் எல்லாம் வழிகாட்டலுக்காக நிறுவனமே கட்டிய 80 மாதிரி வீடுகளின் படங்கள். உண்மையான ஆரண்யா அப்படி இல்லை. சரியான கூற்று. ஆனால் இது யார்மீதான குற்றம்? படம் எடுத்தவர்மீதும் அதை வெளியிட்டவர்மீதும். உண்மையான ஆரண்யாவில் ஒழுங்கற்ற, பல நிறம் பூசிய, முன்னும் பின்னும் நீட்டிய, மூன்று மாடி ஏறிய வீடுகள் இருக்கின்றன என்றால் திட்டம் பலித்திருக்கிறது என்று பொருள். மாதிரி வீடு போலவே 6,500 வீடுகளும் நின்றிருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

இரண்டாவது பகுதி கனமானது. முதலில் மனை பெற்ற ஏழைகளில் பலர் அதை விற்றுவிட்டுப் போய்விட்டார்கள், வாங்கியவர்கள் வசதியானவர்கள். ஆய்வாளர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் குறைதான். நான் மறுக்கப்போவதில்லை. ஆனால் இதிலிருந்து என்ன முடிவுக்கு வருகிறோம்? ஏழைக்கு விற்கக்கூடிய ஒரு சொத்து முதன்முறையாகக் கையில் வந்ததையே குற்றமாகப் பார்க்கிறோம். நாமெல்லாம் மனை வாங்குவதும் விலை ஏறியதும் விற்பதும் முன்னேற்றம். இந்தூர்க் கூலித் தொழிலாளி மகள் கல்யாணத்துக்காகவோ மருத்துவச் செலவுக்காகவோ விற்றால் திட்டத்தின் தோல்வி. விற்ற ஏழை எங்கே போனான் என்ற கேள்வி நியாயமானது. அதற்குப் பதில், நகரத்தில் இதுபோல் இன்னும் பத்து இடங்கள் இருந்திருக்க வேண்டும் என்பது. ஒரே ஒரு கிணறு தோண்டிவிட்டு, அதில் ஊரே வந்து இறைத்ததால் தோண்டியவனைத் திட்டுவது என்ன நியாயம்?

சென்னைக்காரர்களுக்கு இந்தக் கதை தெரிந்திருக்க வேண்டும். மனையும் அடிப்படை வசதியும் தருவது, வீட்டை மக்களே கட்டிக்கொள்வது என்ற இதே முறையை உலக வங்கியின் கடனுதவியோடு எழுபதுகளின் இறுதியிலிருந்து சென்னையிலும் செய்தார்கள். அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் ஆகியவை அதன் தொடக்ககால இடங்கள். ஊருக்கு வெளியே யார் போவார்கள், மனைகள் காலியாகக் கிடக்கின்றன, ஏழைகளுக்குப் போய்ச் சேரவில்லை என்று அன்று அவற்றையும் தோல்வி என்றார்கள். தொண்ணூறுகளுக்குள் உலக வங்கியே அந்த முறையைக் கைவிட்டுவிட்டது. இருபது ஆண்டுகள் கழித்து மும்பையிலும் சென்னையிலும் அந்த இடங்களுக்குத் திரும்பிப் போய்ப் பார்த்த ஆய்வு ஒன்று 2018இல் வெளியானது. அதன் தலைப்பே, தோல்வி என்று நாம் நினைத்தபோது அது வெற்றியாக இருந்ததா என்று கேட்கிறது. பல வருவாயினர் கலந்து வாழும், கடையும் தெருவும் மரமும் உள்ள, சாதாரணமான நல்ல பகுதிகளாக அவை வளர்ந்திருப்பதை அவ்வாய்வு கண்டது. இன்றைக்கு வில்லிவாக்கத்தில் வீடு வாங்கப் போகிறவரிடம் அது தோற்றுப்போன திட்டம் என்று சொல்லிப் பாருங்கள்.

முடிக்காமல் விட்ட ஊர் வளர இருபது ஆண்டுகள் வேண்டும். தேர்தல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை வருகிறது. திறப்பு விழாவுக்குப் பேஸ்மட்டமும் கழிப்பறையும் போதாது. சாவி கொடுக்க ஒரு கதவு வேண்டும், பின்னணியில் எட்டு மாடி வேண்டும். கடைநிலையில் உள்ளவர்களுக்கு முறையான குடியிருப்பைத் தருவது என்று 1954லேயே தமக்குள் உறுதி எடுத்துக்கொண்டதாக தோஷி சொல்லியிருக்கிறார். அந்த உறுதியின் தருக்கபூர்வமான முடிவு ஆரண்யா. 1993–95 சுற்றின் ஆகா கான் விருது அதற்குக் கிடைத்தது. விருது கிடைத்தபின் அதை நாடு முழுக்கப் பின்பற்றவில்லை, சுவரில் மாட்டிக்கொண்டோம். இடதுசாரி நண்பர்கள் கோபப்பட வேண்டிய இடம் இது. அவர்கள் கோபப்படுவதோ பேஸ்மட்டம் போட்டவர்மீது.

*

ஒரு நண்பர் என்னைக் கேட்டார்: காப்பீட்டுக் கழகக் குடியிருப்பை மக்கள் இடித்தும் நீட்டியும் மாற்றியதைக் கொண்டாடுகிறாய், அப்படியானால் லூயி கானின் விடுதிகளை அகமதாபாத் மேலாண்மைக் கழகம் இடிப்பதாகச் சொன்னபோது மட்டும் ஏன் குதித்தாய்? கட்டடம் மாறத்தானே வேண்டும்?

நல்ல கேள்வி. 2020 டிசம்பரில் அக்கழகம் தன் 18 விடுதிகளில் 14ஐ இடித்துப் புதிதாகக் கட்டப்போவதாகக் கடிதம் வழியே அறிவித்தது. உலகம் முழுவதிலிருந்தும் எதிர்ப்பு வந்ததும், 2021 புத்தாண்டு நாளில் அறிவிப்பைத் திரும்பப் பெற்றது. 2022 நவம்பரில் மீண்டும், சீரமைப்பைத் தொடரப்போவதில்லை என்றது. செங்கல் தரமில்லை, ஒழுகுகிறது, நிலநடுக்கத்தில் பழுதுபட்டது என்பவை காரணங்கள். அதே வளாகத்தின் நூலகத்தைச் செம்மையாகச் சீரமைத்து, அதற்காக 2019இல் யுனெஸ்கோவின் விருதையும் பெற்றிருந்த நிறுவனம் சொன்ன காரணங்கள் இவை. தில்லியில் ராஜ் ரேவலின் தேசங்களின் மண்டபத்தை 2017 ஏப்ரலில் இரவோடு இரவாக இடித்தார்கள். 1972இல் கட்டியது, அறுபது வயது ஆகவில்லை, ஆகவே பாரம்பரியம் இல்லை என்பது அங்கே சொன்ன நியாயம். பிரேமாபாய் மண்டபத்தைத் தொண்ணூறுகளில் பூட்டினார்கள். ஆண்டுக்கணக்கில் பூட்டியே கிடந்தது. எனக்குப் பிடிக்காத கட்டடம்தான். நாடகம் பார்த்துவந்த ஓர் ஊரிடமிருந்து அதைப் பறித்ததை அதற்காக ஒப்புக்கொள்ள முடியாது.

இரண்டுக்கும் வேறுபாடு கண்ணுக்குத் தெரிவதுதான். குடியிருப்பில் சுவரை இடித்தவர் அங்கே படுத்து எழுகிறவர். ஓர் அறை போதவில்லை, இன்னோர் அறை போட்டார். கட்டடக் கலைஞர் அதற்கென்றே இடம் விட்டிருந்தார், கான்கிரீட்டைக்கூட அதற்கேற்ப அமைத்திருந்தார். அங்கே நடப்பது ஓர் உரையாடல். விடுதிகளுக்கும் மண்டபங்களுக்கும் நடந்தது, அங்கே தூங்காத, அங்கே நாடகம் பார்க்காத சிலர் மேசையில் எடுத்த முடிவு. மாணவர்களைக் கேட்டார்களா? தில்லி மண்டபத்தில் ஆண்டுதோறும் புத்தகக் கண்காட்சிக்குப் போய்வந்தவர்களைக் கேட்டார்களா? அறுபது வயது ஆனால்தான் பாரம்பரியம் என்ற விதியை எழுதியவர்கள், ஐம்பத்தொன்பதாம் வயதில் இடிக்கலாம் என்ற விதியையும் சேர்த்தே எழுதிவிட்டார்கள்.

அவர்களைத் தடுக்கும் அதிகாரம் நமக்கில்லை. ஆனால் அந்தச் சமயங்களில் ஆங்கிலத்திலும் குஜராத்தியிலும் எழுந்த சத்தத்தில் நூற்றில் ஒரு பங்குகூடத் தமிழில் எழவில்லை என்பது நம் பொறுப்பு. நம்மிடம் இருந்தவை சங்காத்தின் வெள்ளைக் கூரைகளும் உசேனின் குகையும். அவற்றை யாரும் இடிக்கப்போவதாகச் சொல்லவில்லையே!

கட்டடக்கலைச் சிறப்பிதழ் ஒன்று கொண்டுவரும் எண்ணம் இருப்பதாகச் சிற்றிதழ் ஆசிரிய நண்பர் ஒருவர் அண்மையில் சொன்னார், அட்டைக்கு அந்தக் குகையின் படம் கிடைக்குமா என்றும் கேட்டார். ஆரண்யாவின் மனை வரைபடம் ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறேன். மாதிரி வீடுகளின் அழகான ஓவியம் வேண்டாம். கழிப்பறையும் குழாயும் இருபது வீட்டுக்கான தொட்டியும் குறித்திருக்கும் கறுப்பு வெள்ளை வரைபடம், ஒவ்வொரு மனையிலும் முக்கால்வாசி வெறுமையாக இருப்பது. கிடைத்ததும் அதைத்தான் அனுப்புவேன்.